தேவகி ஏன் தவேகி ஆனாள்?

எங்கள் தெருவில் ஒரு பெண். பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கல்லூரி உதவித்தொகைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். உண்மைப் பெயர் வேண்டாம், தேவகி என்று வைத்துக்கொள்வோம். மின்னஞ்சலில் வந்த பிடிஎஃப் படிவம் அது. கணினியிலேயே நிரப்பி அப்படியே திருப்பி அனுப்பலாம் என்று குறிப்பும் இருந்தது. ‘விண்ணப்பதாரர் பெயர் (தமிழில்)’ என்று நல்ல தமிழில் அச்சாகியிருந்த வரிக்கு எதிரே இளநீல நிறத்தில் ஒரு காலிக் கட்டம். அதில் சொடுக்கித் தன் பெயரைத் தட்டினாள். ‘தேவகி’ என்றுதான் வந்தது. அடுத்த கட்டத்துக்குப் போனாள். போன கணமே முதல் கட்டத்தில் இருந்த பெயர் மாறிவிட்டது: ‘தவேகி’.

அழித்துவிட்டு மறுபடி தட்டியிருக்கிறாள். கட்டத்துக்குள் இருக்கும்வரை தேவகி, வெளியே வந்தால் தவேகி. “நான் சரியாத்தானே மாமா அடிச்சேன்?” என்று மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் சேமித்த கோப்பை என் செல்பேசியில் திறந்து பார்த்தேன். அங்கே தவேகியும் இல்லை. வரிசையாக ஐந்து வெற்றுச் சதுரங்கள்.

ஒரே கோப்பு, ஒரே பெயர், மூன்று கோலம். ஆனால் பக்கத்திலேயே அச்சாகியிருந்த ‘விண்ணப்பதாரர் பெயர்’ எல்லா இடத்திலும் துளி பிசகாமல் நின்றது. அந்தத் தமிழுக்கு வாய்த்தது இவள் பெயருக்கு ஏன் வாய்க்கவில்லை? ‘ஃபான்ட் இல்லை’ என்று சொல்லிப் பலரும் இதைக் கடந்துபோவார்கள். அது பாதிதான் உண்மை. செல்பேசியில் வந்த சதுரங்களுக்கு அது பொருந்தும். தவேகிக்குப் பொருந்தாது. எழுத்துரு இருந்தும் வந்த பிழை அது.

பிடிஎஃப் எதற்காகப் பிறந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அடோபி நிறுவனத்தை நிறுவிய இருவரில் ஒருவரான ஜான் வார்னாக், 1990களின் தொடக்கத்தில் ‘கேமலாட்’ என்ற பெயரில் ஒரு திட்டக் குறிப்பு எழுதினார். ஒரு கணினியில் செய்த ஆவணத்தை வேறு எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் எடுத்தாலும், தோற்றம் மாறாமல் வர வேண்டும் என்பதே அதன் சாரம். அந்த எண்ணம் 1993-இல் பிடிஎஃப் ஆக வெளிவந்தது. தோற்றத்தை உறைய வைப்பதுதான் அதன் பிறவிக் குணம். ஒரு பக்கத்தில் எந்த எழுத்து வடிவம் எந்த இடத்தில் எந்த அளவில் நிற்கிறது என்பதை அது வரைபடம் போலப் பதிந்து வைக்கிறது. தேவையான எழுத்துருவையும் கோப்புக்குள்ளேயே மடித்து வைத்துக்கொள்ளும். படிக்கும் கணினிக்குத் தமிழே தெரியாமல் இருக்கலாம். ‘இந்த எழுத்துருவின் 41-ஆவது வடிவத்தை இங்கே வை, 87-ஆவது வடிவத்தை அதற்கு வலப்பக்கம் வை’ என்ற கட்டளையை நிறைவேற்றினால் போதும், தமிழ் தானாக வந்து நிற்கும்.

பழைய அச்சகங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அச்சுக் கோப்பவர், நம் ஊர்ப் பேச்சில் கம்பாசிட்டர், ‘தேவகி’ என்று கோக்க வேண்டுமானால் எழுத்துப் பெட்டியிலிருந்து முதலில் இரட்டைக் கொம்பை எடுப்பார். அடுத்து த, அதற்கடுத்து வ, பிறகு கி. ‘தே’ என்று வாயால் சொல்லும்போது தகரம் முன்னே வருகிறது, ஏகாரம் பின்னே வருகிறது. கண்ணுக்கோ கொம்பு முன்னே, தகரம் பின்னே. இந்த முன்பின் மாற்றம் கம்பாசிட்டரின் விரலுக்குத் தெரியும். அச்சு இயந்திரத்துக்குத் தெரிய வேண்டியதில்லை. கோத்துக் கொடுத்ததை அது அழுத்தும், அவ்வளவுதான்.

படிவத்தில் ‘விண்ணப்பதாரர் பெயர்’ என்ற வரி அப்படிக் கோத்து முடித்துத் தந்த வரி. அதைத் தயாரித்தவரின் கணினியில், பக்கம் வடிவமைக்கும் மென்பொருளே கம்பாசிட்டராக இருந்து கோத்துவிட்டது. பிடிஎஃப்புக்குள் வந்தபோது அது உறைந்த வடிவங்களின் வரிசை. எதிரே இருந்த காலிக் கட்டம் அப்படியில்லை. அங்கே என்ன எழுத்து வரப்போகிறது என்று படிவம் தயாரித்தவருக்குத் தெரியாது. நிரப்புகிறவர் தட்டிய பிறகுதான், அவருடைய கணினியில், அந்த நிமிடத்தில் எழுத்தைக் கோத்தாக வேண்டும். எல்லாவற்றையும் முன்கூட்டியே உறைய வைக்கப் பிறந்த ஒரு முறையில், கட்டம் என்பது உறையாமல் விடப்பட்ட ஓட்டை. தேவகியின் பெயர் அந்த ஓட்டையில்தான் விழுந்தது.

நிரப்பக்கூடிய கட்டங்கள் பிடிஎஃப்புக்குள் வந்தது 1996-இல், அதன் 1.2 பதிப்பில். அன்று வகுத்த அமைப்பு அடிப்படையில் இன்றும் அதேதான். ஒவ்வொரு எழுத்துக் கட்டத்துக்குள்ளும் மூன்று செய்திகள் இருக்கும். முதலாவது மதிப்பு, அதாவது நீங்கள் தட்டிய எழுத்துகள். இரண்டாவது ஒரு சிறு கட்டளை: எந்த எழுத்துரு, என்ன அளவு, என்ன நிறம். மூன்றாவது தோற்றம். மதிப்பையும் கட்டளையையும் வைத்து வரைந்த படம் அது. நாம் திரையில் பார்ப்பதும் அச்சில் எடுப்பதும் இந்த மூன்றாவதைத்தான். மதிப்பை யூனிகோடில் சேமிக்க வழி இருக்கிறது, அதனால் ‘தேவகி’ என்ற பெயர் கோப்புக்குள் சரியாகவே போய் உட்கார்ந்துவிடும். சிக்கல் மதிப்பிலிருந்து தோற்றத்துக்குப் போகும் வழியில் இருக்கிறது.

அந்த வழியின் முதல் சுங்கச்சாவடி எழுத்துரு. எதையும் மாற்றாமல் ஒரு கட்டத்தை உருவாக்கினால், பெரும்பாலான மென்பொருள்கள் அதற்கு ஹெல்வெடிகா எழுத்துருவைக் கொடுக்கும். அதற்கு ஒரு வரலாறு உண்டு. 1985-இல் வந்த ஆப்பிள் லேசர்ரைட்டர் அச்சுப்பொறிக்குள் 13 எழுத்துருக்கள் நிரந்தரமாகப் பதிக்கப்பட்டிருந்தன. டைம்ஸ், ஹெல்வெடிகா, கூரியர் ஆகிய மூன்று குடும்பங்கள், குடும்பத்துக்கு நான்கு உருக்கள், அவற்றோடு சிம்பல் என்ற குறியீட்டு எழுத்துரு. பின்னர் ஜாப்ஃப் டிங்பேட்ஸ் என்ற அலங்காரக் குறிகளும் சேர்ந்து, பிடிஎஃப்பின் ‘14 அடிப்படை எழுத்துருக்கள்’ ஆயின. எந்தச் செயலியிலும் இந்தப் பதினான்கோ அவற்றுக்கு ஈடானவையோ இருந்தே தீரும் என்பது ஏற்பாடு. ஆகவே இவற்றைக் கோப்புக்குள் மடித்து வைக்க வேண்டியதில்லை, கோப்பும் சிறிதாக இருக்கும். 1990களில் அது பெரிய வசதி.

அந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. இந்த எளிய வகை எழுத்துருக்களில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட், ஆக 256 இடங்கள். அவற்றை நிரப்பியவை மேற்கு ஐரோப்பிய மொழிகளின் எழுத்துகள். தமிழ் மட்டும் வெளியே நிற்கவில்லை. துருக்கியர்கள் தங்கள் வாலிட்ட எஸ் எழுத்துக்கும், செக் மக்கள் தங்கள் கொக்கியிட்ட ஆர் எழுத்துக்கும் அங்கே இடமில்லாமல் தவித்தார்கள். லத்தீன் எழுத்திலேயே எழுதுகிறவர்களுக்கு அந்தக் கதி என்றால் நம் ககரத்துக்கு என்ன வழி? தன்னிடம் இல்லாத எழுத்தைக் கேட்டால் எழுத்துரு ஒரு வெற்றுச் சதுரத்தைக் காட்டும். சில செயலிகள் கணினியில் வேறு தமிழ் எழுத்துரு கிடைக்கிறதா என்று தேடி ஒட்டவைக்கும். சில தேடாது. அப்பாச்சி பிடிஎஃப்பாக்ஸ் போன்ற நிரலகங்களில் ஹெல்வெடிகா கட்டத்துக்குள் ஒரு தமிழ் எழுத்தை நிரப்பச் சொன்னால், இந்த எழுத்து இந்த எழுத்துருவில் இல்லை என்ற பிழைச் செய்தியோடு வேலையே நின்றுவிடும். என் செல்பேசி செயலி சதுரங்களை வரைந்ததும் இதே காரணத்தால்தான்.

சரி, தமிழ் எழுத்துருவையே கட்டத்துக்குக் கொடுத்துவிடலாமே? கொடுக்கலாம். ஓர் எழுத்துக்கு இரண்டு பைட் தரும் கூட்டு எழுத்துருக்கள் பிடிஎஃப்பில் உண்டு, 65,536 இடங்கள்வரை போகும். ஆனால் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பிடிஎஃப் தயாரிக்கும்போது, இடத்தை மிச்சப்படுத்த, ஆவணத்தில் பயன்பட்ட வடிவங்களை மட்டும் பொறுக்கி மடித்து வைப்பது வழக்கம். அச்சான வரிகளுக்கு அது போதும். கட்டத்துக்குப் போதாது. படிவத்தில் எங்கும் ஔகாரமே வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். நிரப்புகிறவர் பெயர் ஔவை என்றால்? கட்டத்துக்கு முழு எழுத்துருவையும் மடித்து வைத்தாக வேண்டும். அதற்கு உரிமமும் வேண்டும். பல எழுத்துருக் கோப்புகளில், பார்க்கவும் அச்சிடவும் மட்டும் மடித்து வைக்கலாமா, திருத்தவும் நிரப்பவும் தரலாமா என்று உரிமையாளர் குறித்து வைத்திருப்பார். விலைக்கு வாங்கிய எழுத்துரு என்பதாலேயே அதைப் படிவத்தில் வைத்துவிட முடியாது.

அந்தப் பெண்ணின் மடிக்கணினியில் செயலி தமிழ் எழுத்துருவைத் தேடி ஒட்டவைத்தது. எழுத்துரு கிடைத்த பிறகும் தேவகி, தவேகி ஆனாள். கணினியில் அவள் பெயர் ஐந்து எண்கள். யூனிகோடில் த என்பது 2980, ஏகாரக் கொம்பு 3015, வ 2997, க 2965, இகரக் குறி 3007. வாயால் சொல்லும் ஒலி வரிசையில்தான் இவை சேமிக்கப்படுகின்றன. 1991-இல் யூனிகோட் முதல் பதிப்பு வந்தபோதே, இந்திய அரசின் இஸ்கி முறையைத் தழுவி, இந்த வரிசை அமைந்துவிட்டது. தேடவும் அகரவரிசைப்படுத்தவும் ஒலி வரிசை மிகவும் உகந்தது. வரைவதற்கு மட்டும் இடையில் ஒருவர் தேவை: 3015-ஐத் தூக்கி 2980-க்கு முன்னால் வைக்க வேண்டும். அவர் இல்லாவிட்டால் எண்கள் வந்த வரிசையிலேயே வடிவங்களும் வரிசைகட்டும். த வரும், கொம்பு வரும், அப்புறம் வ, க, இகரக் குறி. தகரத்துக்கு உரிய கொம்பு வகரத்துக்கு முன்னால் நிற்கும். படிக்கிற கண் அதை ‘வே’ என்றுதானே படிக்கும்?

இந்த வேலைக்கு மென்பொருள் உலகில் ‘ஷேப்பிங்’ என்று பெயர். நமக்கு அச்சுக் கோத்தல் என்ற சொல்லே இருக்கிறது. கொம்பை நகர்த்துவதோடு அது முடியாது. ‘கோதை’ என்ற பெயரைப் பாருங்கள். தமிழ்க் கணக்கில் இரண்டு எழுத்து. யூனிகோட் கணக்கில் நான்கு எண். கண்ணுக்கு ஐந்து வடிவம்: கொம்பு, க, கால், இணைக்கொம்பு, த. ஓகாரக் குறி என்ற ஒற்றை எண் இரண்டாகப் பிளந்து ககரத்தின் இருபுறமும் போய் நிற்க வேண்டும். ‘கு’ என்று எழுதும்போது க, உகரக் குறி என்ற இரண்டு எண்கள் சேர்ந்து ஒரே புது வடிவமாக மாற வேண்டும். மெய்யின் புள்ளி எழுத்தின் தலைக்கு நேரே உட்கார வேண்டும். எந்த எழுத்தோடு எந்தக் குறி சேர்ந்தால் எந்த வடிவம் என்ற பட்டியல் எழுத்துருவுக்குள் இருக்கிறது. பட்டியலைப் படித்துக் கோத்துத் தரும் ஆள்தான் வேண்டும். மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 2000 காலத்திலிருந்து விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஒரு கம்பாசிட்டர் உண்டு. ஆண்ட்ராய்டிலும் ஃபயர்ஃபாக்ஸ், குரோம் உலாவிகளிலும் ஹார்ஃப்பஸ் என்ற திறந்த மூல நிரலகம் இந்த வேலையைச் செய்கிறது.

அந்தப் பெண் தட்டிக்கொண்டிருந்தபோது பெயர் சரியாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுதான். அந்த நேரத்தில் பிடிஎஃப் செயலி, இயங்குதளத்தின் தட்டச்சுப் பெட்டியைக் கடன் வாங்கிக் காட்டிக்கொண்டிருந்தது. அங்கே கம்பாசிட்டர் இருந்தார். கட்டத்தை விட்டு வெளியே வந்ததும், நிரந்தரத் தோற்றத்தை வரையும் பொறுப்பு செயலியின் சொந்த நிரலுக்கு வந்தது. அது எண்ணுக்கு எண் வடிவத்தை எடுத்து வைத்துவிட்டுப் போய்விட்டது. பிடிஎஃப் 2008-இல் ஐஎஸ்ஓ சர்வதேசத் தரமானது. அந்தத் தரம் கட்டத்தின் எழுத்துரு, அளவு, நிறம், ஓரம் எல்லாவற்றுக்கும் விதி சொல்கிறது. தட்டிய எழுத்தைக் கோக்கும் முறையை மட்டும் அது வகுத்துத் தரவில்லை. ஒரு செயலி கோக்கிறது, இன்னொன்று கோப்பதில்லை. இரண்டுமே தரத்துக்கு உட்பட்டவை. என் பார்வையில் இந்தக் கதையின் மிகப் பெரிய குறை இதுதான்.

‘பழைய பாமினி எழுத்துருவில் இந்தத் தொல்லையே இல்லையே’ என்று சிலர் சொல்வார்கள். உண்மைதான். பாமினி போன்ற எட்டு பிட் எழுத்துருக்கள் 256 இடங்களுக்குள்ளேயே தமிழை அடக்கின, ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்து. அதில் தட்டுகிறவரே கம்பாசிட்டர். கொம்பை முதலில் தட்டி, பிறகு தகரத்தைத் தட்டுவார். வரிசை ஏற்கெனவே கண் வரிசை என்பதால் கோக்க எதுவும் இல்லை. அந்த எழுத்துருவைப் பதித்த கட்டத்தில் பெயர் அழகாகவே தெரியும். ஆனால் மதிப்பாகச் சேமிக்கப்படுவது என்ன? பெரிய என், ஜே, டி, எஃப், பி என்ற ஐந்து ஆங்கில எழுத்துகள். அலுவலகத்தில் அந்தப் பெயரைத் தரவுத்தளத்துக்கு எடுக்கும்போது போய்ச் சேர்வது அந்த ஐந்தும்தான். பாமினியில் கண்ணுக்கு தேவகி, கணினிக்குக் குப்பை. யூனிகோட் கட்டத்தில் கணினிக்கு தேவகி, கண்ணுக்கு தவேகி.

2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து ஏற்றுக்கொண்ட டேஸ் 16 முறை இதற்கு வேறொரு விடை சொன்னது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனி எண். தே என்பது ஓர் எண், கோ என்பது ஓர் எண். நகர்த்தவும் வேண்டாம், பிளக்கவும் வேண்டாம். பிடிஎஃப் கட்டம் போன்ற இடங்களில் அது மிகவும் பொருந்தியிருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் உலகின் இயங்குதளங்களும் தேடுபொறிகளும் பேசுவது யூனிகோட். தமிழுக்கென்று தனித் தீவு கட்டுவதைவிட, இருக்கும் கம்பாசிட்டரை எல்லாச் செயலிகளிலும் வேலைக்கு வைப்பதே நல்லது என்பது என் கருத்து.

கட்டங்களில் இன்னொரு வகை உண்டு. எழுத்துக்கு ஒரு சிறு பெட்டியாக, சீப்பின் பற்களைப் போலப் பிரித்த கட்டம். வங்கிப் படிவங்களில் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலத்துக்கு அது கச்சிதம். தமிழுக்கு? ‘மீனாட்சி’ என்பதை நம் வீட்டுக் குழந்தை நான்கு எழுத்து என்று விரல்விட்டுச் சொல்லும். கணினி எட்டு என்று எண்ணும். ஈகாரக் குறி ஒரு பெட்டியில், கால் ஒரு பெட்டியில், புள்ளி ஒரு பெட்டியில் என்று பெயர் சிதறும். அதிகபட்சம் இத்தனை எழுத்து என்று வரம்பு வைத்திருந்தால், பாதிப் பெயரிலேயே விசை வேலை செய்யாமல் நின்றுவிடும். பிடிஎஃப்பின் சீப்புக் கட்டத்துக்கு உயிர்மெய் என்ற அலகே தெரியாது.

அளவும் சிக்கல்தான். ஹெல்வெடிகாவை மனத்தில் வைத்து வெட்டிய கட்டத்தின் உயரத்தில், கீழே இறங்கும் ழு, ஞு போன்றவற்றின் வால் வெட்டுப்படும். அளவைச் செயலியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டால், உயரமான தமிழ் எழுத்துருவை அந்தக் கட்டத்துக்குள் அடக்க அது எழுத்தைக் கடுகாகச் சிறுக்கிவிடும்.

மதிப்பும் தோற்றமும் தனித்தனி என்பதில் ஆபத்தும் உண்டு. திறக்கும்போது தோற்றத்தை நீயே புதிதாக வரைந்துகொள் என்று செயலிக்குச் சொல்லும் ஒரு குறி பிடிஎஃப்பில் இருந்தது. அதனால்தான் ஒரே கோப்பு இடத்துக்கு இடம் வேறு முகம் காட்டுகிறது. 2017-இல் வந்த பிடிஎஃப் 2.0 தரம் அந்தக் குறியைக் கைவிடச் சொல்லி, தோற்றத்தைக் கோப்போடு சேர்த்தே தர வேண்டும் என்கிறது. மின்கையொப்பமிட்ட பிடிஎஃப்பில், கட்டத்தின் தோற்றத்தையும் எழுத்துருவையும் மாற்றி, கையொப்பம் செல்லும் என்று செயலி சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரையில் தெரிவதை வேறாக்க முடியும் என்று ஜெர்மனியின் போஹும் நகர ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் செய்து காட்டினார்கள். பெயர் பிழையாவதற்குத் திறந்திருக்கும் அதே இடைவெளி மோசடிக்கும் திறந்திருக்கிறது.

அந்தப் பெண்ணின் படிவத்துக்கு வருகிறேன். காலிப் படிவத்தை அச்சிட்டு, நீல மைப் பேனாவால் பெயரை எழுதி, தபாலில் அனுப்பினோம். உங்களுக்கும் இப்படி நேர்ந்தால், நிரப்பிய கோப்பை அனுப்பும் முன் வேறொரு செயலியிலும் செல்பேசியிலும் திறந்து பாருங்கள். சரியாகத் தெரியும் செயலியில் ‘பிடிஎஃப் ஆக அச்சிடு’ என்று கொடுத்துப் புதுக் கோப்பு எடுத்தால், கட்டம் மறைந்து எழுத்து பக்கத்தோடு உறைந்துவிடும். படிவத்தை வாங்குகிறவர்கள் அதை ஏற்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள், கட்டத்தின் மதிப்பை அதிலிருந்து எடுக்க முடியாது.

படிவம் தயாரிக்கும் அலுவலர்களிடமும் வடிவமைப்பாளர்களிடமும் கேட்க எனக்கு இன்னும் கொஞ்சம் இருக்கிறது. தகவலை வாங்க இணையப் பக்கமே போதும் என்றால் பிடிஎஃப் கட்டத்தை விட்டுவிடுங்கள். உலாவிக்குத் தமிழைக் கோக்கத் தெரியும், வாங்கிய பிறகு பிடிஎஃப் ஆக்கித் தரலாம். கட்டம்தான் வேண்டும் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற திறந்த உரிம எழுத்துருவை முழுமையாகப் பதியுங்கள், எழுத்தைக் கோக்கும் நிரலகத்தோடு நிரப்புங்கள், தமிழ்ப் பெயருக்குச் சீப்புக் கட்டம் போடாதீர்கள். வெளியிடுவதற்கு முந்தைய நாள் தேவகி, கோதை, மீனாட்சி, ஔவை என்ற நான்கு பெயர்களை அதில் தட்டி, சேமித்து, மூன்று வெவ்வேறு செயலிகளில் திறந்து பாருங்கள். ஒரு கொம்பு இடம் மாறியிருந்தாலும் அந்தப் படிவம் இன்னும் தயாராகவில்லை.